பத்து வருஷம் கழித்து வந்த இசைத்தட்டு

அந்தப் பாட்டிலை வீசியது நான்தான். கூட்டத்திலிருந்து யாரோ வீசியதாக மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் அதையேதான் சொன்னேன். "யாரோலா, தெரியலை." ஆனால் அது என் கையை விட்டுப் போன நொடி இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஆரஞ்சுக் கலர் குடித்த கண்ணாடிப் பாட்டில். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாட்டில் சுழன்று போகும்போது அந்த மிச்சம் என் முகத்திலேயே தெறித்தது.

அடிப்பது எனக்குப் புதிதில்லை. அடி வாங்குவது அதைவிடப் பழையது. எழுபதுகளில் எங்கள் வீடு சிங்கப்பூரின் சுவா சூ காங்கில், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருந்தது. அப்பா பண்ணை லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயில் வாசலில் நின்று, பூசைக்கு வருபவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பார். அத்தனை பேருக்கும் அவர் சிரித்த முகம்தான் தெரியும். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ரோத்தான் பிரம்பு தொங்கும். லேட்டாக வந்தால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி, பேசாமல் நின்றாலும் அடி. பதினாறு வயதில் ஒருநாள் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அடித்தார். அன்று நான் பஸ் ஏறி கேலாங்கில் இருந்த என் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவன் என்னோடு தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்தவன். சந்தைக்குப் பக்கத்தில் வீடு. அவனுடைய அக்கா ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வைத்திருந்தார். குப்புறப் படுத்திருந்த என்னிடம் ஒன்றும் கேட்காமல், "இதக் கேளு மச்சான்," என்று ஓர் இசைத்தட்டைப் போட்டான்.

உள்ளூர்க் குழு ஒன்றின் ராக் பாட்டுகள். குழுவில் ஐந்து பேர். ஒரு மலாய்க்காரர், ஒரு யூரேஷியர், ஒரு சீனர், இரண்டு தமிழர்கள். வெள்ளைக்கார ராணுவம் இங்கே இருந்த காலத்திலிருந்தே சிப்பாய்களுக்கு முன்னால் வாசித்துத் தேறியவர்கள். பாட்டெல்லாம் ஆங்கிலம். கிட்டார் வாசித்துப் பாடியவர் கேலாங்கைச் சேர்ந்த தமிழர் என்று நண்பன் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கிட்டார் சத்தத்தில் ஒரு கிழிசல் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் பிய்ந்து பிய்ந்து வந்தது. அப்பாவைப் பார்த்து நான் கத்த முடியாததையெல்லாம் யாரோ எனக்காகக் கத்துவதுபோல் இருந்தது. அன்று அந்தத் தட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டோம் என்று தெரியாது. அக்கா வந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினோம்.

அதன்பின் நாங்கள் இருவரும் முடி வளர்த்தோம். முடி வளர்த்தவர்களை அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்று போஸ்டர் ஒட்டியிருந்த காலம் அது. நேஷனல் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவ சேவையில் மொட்டையடித்தார்கள், முடித்து வந்ததும் மறுபடி வளர்த்தோம். ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் இருவருக்கும் வெல்டர் வேலை கிடைத்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மன் இரண்டு பேரை விட்டு என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கான்வாஸ் வெட்டுகிற கத்தரியால் என் முடியைக் கொத்துக் கொத்தாக வெட்டினார். காது மடலில் வெட்டு விழுந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஃபோர்மனை ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு கோப்பிக் கடையில் என் தலையைப் பார்த்துச் சிரித்த ஒருவனை, முன்பின் தெரியாதவனை, மேசையில் முகம் மோத அடித்தேன். அவன் மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. நண்பன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். ஓடும்போது நாங்கள் இருவரும் அந்தக் குழுவின் பாட்டைத்தான் கத்திக்கொண்டு ஓடினோம்.

அந்தக் குழு அதற்குள் மேடையை விட்டே போயிருந்தது. அவர்கள் வாசித்த கிளப்புகள் மூடப்பட்டன. ஒருவர் டாக்ஸி ஓட்டினார், ஒருவர் ஆசிரியரானார், கிட்டார்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகச் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது அந்த ஒரே ஒரு தட்டு. கீறல் விழுந்து, ஊசி தாவித் தாவி, எந்த இடத்தில் தாவும் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம்.

பத்து வருஷத்துக்குப் பிறகு, எண்பதுகளில், புதுத் தட்டு வரப்போகிறது என்று தேக்காவில் ஒரு கடைக்காரர் சொன்னார். முக்கால்வாசி தமிழ் சினிமா கேசட் விற்கிற கடை. எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு மூலையில் ஆங்கிலத் தட்டுகள் வைத்திருப்பார். "அதே அஞ்சு பேருதான் தம்பி. ஸ்டூடியோவுல முடிச்சிட்டாங்க," என்றார். அன்றைக்கு ஷிப்யார்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. நண்பன் வெல்டிங் முகமூடியைத் தூக்கித் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு வந்தது. காலைப் பூசை முடிந்து நேராகத் தேக்கா போய் வாங்கிக்கொண்டு கேலாங் போனேன். அப்போது நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போது பாட்டுக் கேட்க முடியாது. நண்பன் புது ஸ்பீக்கர் மாட்டி வைத்திருந்தான். சத்தத்துக்குக் கண்ணாடி அதிரும் என்று ஜன்னலைக்கூடத் திறந்து வைத்தோம்.

முதல் பாட்டில் டிரம்ஸே இல்லை. கம்பி மீட்டுகிற வெறும் கிட்டார், அதுவும் ஒவ்வொரு ஸ்வரமாக, அவசரமில்லாமல். அவர் பாடினார், கத்தவில்லை. முன்னுரையாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் வயலின் வந்தது. மூன்றாவதில் யாரோ விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். நான் சத்தத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட அந்த மென்மைதான் பெரிதாகக் கேட்டது. நாலாவதும் அப்படியேதான். பத்து வருஷம் காத்திருந்த ஒருவனின் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

ஐந்தாவது பாட்டு முடிந்து ஊசி நடுவில் போய் நின்றது. நண்பன் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடியிருந்தான்.

"என்னடா இது? சர்ச்சுல பாடுற மாதிரி இருக்கு," என்றேன்.

"நல்லா இருக்குலா."

"என்ன சொன்ன?"

"நல்லா இருக்கு மச்சான். நெஜமா. வயசாயிடுச்சில்ல அவங்களுக்கு? நமக்கும்தான்."

படுத்திருந்தவனின் வாயில் குத்தினேன். எழுந்திருக்கக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவன் என் கையைப் பிடிக்கப் பார்த்தான். முழங்காலை அவன் நெஞ்சில் வைத்து இன்னும் இரண்டு குத்து விட்டேன். முன்பல் ஒன்று உடைந்து என் விரல் முட்டியில் குத்தியது. யாருடைய ரத்தம் என்று தெரியாமல் இரண்டு பேர் மேலும் ரத்தம். சமையலறையிலிருந்து ஓடிவந்த அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "வெளிய போடா! ஒரு பாட்டுக்காகவாடா? நாயே, வெளிய போ!" தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அது மூன்று துண்டாகி சோபாவுக்குப் பின்னால் விழுந்தது. அக்கா என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்.

அடுத்த சில வாரங்கள் நான் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. ஷிப்யார்டு கேன்டீனில் பழைய ரசிகர்கள் அந்தக் குழுவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதியிருந்தார், இது தூங்குவதற்கான இசை என்று. தேக்கா கடைக்காரரிடம் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவன், அவர் வாங்க மாட்டேன் என்றதும் கவுன்டரிலேயே அதை உடைத்து, துண்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினானாம். "கழுத்துல வச்சுடுவானோன்னு பயந்துட்டேன்," என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார். அதுவரை அந்த மூலைப் பக்கமே வராத ஆட்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், டீச்சர்கள், அந்தத் தட்டைக் கேட்டு வருகிறார்கள் என்று. அது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. என்னிடமிருந்து பிடுங்கி யாரிடமோ கொடுத்துவிட்டதுபோல் பட்டது.

பிறகு நிகழ்ச்சி அறிவித்தார்கள். நகரின் நடுவில் ஓர் அரங்கம், சனிக்கிழமை பிற்பகல். நான் தனியாகப் போனேன். பழைய பாட்டுகளையாவது வாசிப்பார்கள் என்றுதான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். கனமான வேலை பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் எங்கள் மாதிரி ஆட்கள். முன்வரிசைகளில் புதியவர்கள், நல்ல புடவை, இஸ்திரி போட்ட சட்டை. மூன்றாவது வரிசையில் என் நண்பனின் தலை தெரிந்தது, பக்கத்தில் அவன் அக்கா. என் குத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஷிப்யார்டில் வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

திரை விலகியதும் அந்த ஐந்து பேரையும் முதல்முறையாக நேரில் பார்த்தேன். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கிட்டார்காரர் குட்டையாக முடி வெட்டி, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வருஷமாக என் மனதில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

முதல் இரண்டு பாட்டும் புதுசு. பின்னாலிருந்து ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் கத்த ஆரம்பித்தார்கள். "பழசப் போடு! பழசப் போடு!" தரையில் பூட்ஸ் காலால் உதைத்தோம். அவர் மைக்கைப் பிடித்து, "கொஞ்சம் கேளுங்க. பழசும் வரும். இதக் கொஞ்சம் கேளுங்க," என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எங்களைத் திரும்பிப் பார்த்து வாயில் விரல் வைத்தார். யாரோ அவர் மேல் செருப்பை எறிந்தான். மூன்றாவது பாட்டைத் தொடங்கினார்கள். நான் இடைவழியில் இறங்கி, பாதி தூரம் முன்னால் போய், கையிலிருந்த பாட்டிலை வீசினேன்.

கிட்டார்காரர் அதைப் பார்த்துவிட்டார். முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினார். பாட்டில் அவர் விரல்களில் பட்டு உடைந்தது. உடைந்த துண்டோடு அந்தக் கை கிட்டார் கம்பிகளின் மேலேயே விழுந்தது. ஸ்பீக்கரில் ஒரு கோரமான சத்தம் எழுந்து அடங்கவேயில்லை. ரத்தம் கிட்டாரின் மேல் வழிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கலந்துபோயிற்று. டிரம்ஸ் வாசித்தவர் மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். எதிரே வந்த முதல் ஆளின் தோளில் அதை இறக்கினார், அவன் எதையும் வீசாதவன். நாற்காலிகள் பறந்தன. பின்வரிசை முன்வரிசை மேல் பாய்ந்தது. கதவு குறுகல், பெண்கள் நசுங்கிக் கத்தினார்கள். கீழே விழுந்த ஒருவனின் கையை மிதித்துக்கொண்டு நான் ஓடினேன். மிதிக்கிறேன் என்று தெரிந்தேதான் ஓடினேன். அப்போது என் நண்பன் என்னைப் பிடித்தான். நான் வீசியதைப் பார்த்திருக்கிறான். உடைந்த நாற்காலிக் காலால் என் விலாவில் ஓங்கி அடித்தான். நான் மடங்கியதும் இன்னொன்று. மூச்சு நின்றுவிட்டது. பிறகு கட்டையைக் கீழே போட்டுவிட்டு அக்காவைத் தேடிப் போனான். அவன் என்னை அடித்தது அன்றுதான். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்ததும். கொஞ்ச நாளில் அவன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போலீஸ் விசாரித்தபோதும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது. வேலையில் விழுந்ததாக வீட்டில் சொன்னேன். குழு மறுபடி மேடை ஏறவில்லை. கிட்டார்காரரின் கையில் நரம்பு அறுந்துவிட்டது, இனி வாசிக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கேசட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் ஏறக்குறைய இரண்டு வருஷம், வெல்டிங் முகமூடியை இறக்கிய இருட்டில், உயர்ந்து வரும் அந்தக் கைதான் தெரியும். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வேறு பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில், யாரும் போகச் சொல்லாமலேயே, கேலாங்கில் கிட்டார்காரர் இருந்த அடுக்குமாடி புளோக்கை விசாரித்துப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே அவர் கைலியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி நின்றன.

"யாரு தம்பி?"

"அண்ணே, அன்னிக்கு பாட்டில் எறிஞ்சது நான்தான்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து வலது கையால் என் மூக்கில் குத்தினார். கிரேன் ஓட்டிய கை. நான் சுவரில் மோதி நின்றேன். மறுபடி குத்தினார். கீழே விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தார். "ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷமா நான் யாரு யாருன்னு ஒவ்வொரு மூஞ்சியா பாக்குறேன்டா!" நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவர் மனைவி இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். "விடுங்க! செத்துரப் போறான், விடுங்க!" கணவரை நாற்காலியில் தள்ளிவிட்டு, திரும்பி வந்து, குனிந்து, என் கன்னத்தில் அந்த அம்மாவும் ஓர் அறை விட்டார். பிறகுதான் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"ஏன் எறிஞ்ச?" என்றார் கிட்டார்காரர்.

"பழைய ரெக்கார்டுல நீங்க அவ்ளோ கோவமா வாசிச்சீங்க அண்ணே. அது எங்களுக்காகன்னு நெனச்சேன். புதுசுல ஏன் அப்படி..."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கோவமா? அப்ப எங்க ஆம்ப்ளிஃபையர் ஓட்டைடா. ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருந்துச்சு. மாத்த வழியில்ல. அதோடயே ரெக்கார்டு பண்ணிட்டோம். எங்களுக்கு என்ன கோவம்? நாங்க சிரிச்சுக்கிட்டேதான் வாசிச்சோம்."

ரத்தம் ஊறிய துண்டை மறுபக்கம் திருப்பி மடித்தேன்.

"புதுசு எப்படி வேணும்னு ஆசப்பட்டமோ அப்படி எடுத்தோம். அவ்வளவுதான். ரெண்டாம் பக்கம் கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அன்று நண்பன் வீட்டில் தட்டைத் திருப்பிப் போடும் முன்பே உடைத்துவிட்டேன்.

"கேக்கவே இல்லையா? பாதியக் கேட்டுட்டா என் கைய எடுத்த?" மறுபடி அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், வலது கையால் தட்டை உறையிலிருந்து உருவி, இரண்டாம் பக்கத்தைப் போட்டார். "உக்காரு. முடியுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேட்டேன். அதுவும் மென்மையாகத்தான் இருந்தது. ஒரு பாட்டில் ஐந்து பேரும் சேர்ந்து சும்மா முணுமுணுத்தார்கள், வார்த்தையே இல்லாமல். இன்னொன்றில் வாசிக்கும்போது யாரோ சிரிப்பதுகூடப் பதிவாகியிருந்தது. கடைசிப் பாட்டு தமிழ். மழைக்கு முன்னால் கொடியிலிருந்து துணி எடுப்பதைப் பற்றி. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை, அதனால் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டோடு சேர்ந்து அவருடைய இடது கை தொடை மேல் அசைந்துகொண்டிருந்தது. மூன்று விரல்கள் இடம் மாறி மாறி அழுத்தின, மற்ற இரண்டும் மடங்கியபடியே இருந்தன. நான் அழுதேன். அழுகையில் மூக்கிலிருந்து ரத்தம் மறுபடி வந்தது.

ஊசி நின்றதும், "போலீஸுக்குப் போகணும்னா நானே வர்றேன் அண்ணே," என்றேன்.

"போயி? இந்த விரலு நிமிருமா? நான் உன்னை மன்னிக்க மாட்டேன். அத எதிர்பார்த்து வந்திருந்தா தப்பு. போ. இனி இங்க வராத."

நான் மறுபடி போகவில்லை. அன்று படிகளில் இறங்கும்போது அவர் மனைவி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கீழ கிளினிக் இருக்கு. மூக்கக் காட்டிட்டுப் போ, கோணலா இருக்கு."

போனேன். டாக்டர் எலும்பை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து நேராக்கினார். வலியில் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன்.

"யாரு அடிச்சது?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவருதான்," என்றேன்.